மிக் வெல்டிங்

சுருளிலிருந்து தானாக வரும் உலோகக் கம்பியையே மின்முனையாகவும் நிரப்பு உலோகமாகவும் கொண்டு, வாயுவின் காப்பில் உலோகங்களை இணைக்கும் மின்வில் பற்றவைப்பு முறை. 1948இல் அமெரிக்காவின் பட்டெல் நினைவு ஆய்வு நிலையத்தில் உருவானது. 1950களில் மலிவான கார்பன் டை ஆக்சைடு காப்பு வாயுவானதும் எஃகு வேலைகளில் பரவியது. கம்பியைச் செலுத்தும் துப்பாக்கியின் விசையை அழுத்தினால் போதும் என்பதால் எளிய முறையெனப் பெயர் பெற்றது. ஆயினும் இணைப்பின் வலிமையும் வேலை செய்பவரின் பாதுகாப்பும் பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. எந்திரம் மின்னழுத்தத்தை ஏறத்தாழ நிலையாக வைத்திருக்கும். கம்பியின் வேகம் கூடினால் மின்னோட்டமும் கூடும். தடித்த தகட்டில் இவை குறைந்தால், மேலே அழகாகத் தெரியும் பற்று உள்ளே ஊடுருவியிராது. வாயுவுடன் பயன்படும் திண்மக் கம்பிக்குத் துப்பாக்கியை நேர்முனையில் இணைக்க வேண்டும். மின்சுற்றை முழுமையாக்கும் எர்த் கிளாம்ப்பைப் பெயின்டும் துருவும் நீக்கிய இடத்தில் மாட்ட வேண்டும்.

வில்லின் மின்னழுத்தம் குறைவு, காப்பு வாயுவான ஆர்கான் நச்சற்றது, ஆகவே ஆபத்து சிறிது என்பார் உண்டு. ஆனால் எந்திரத்துக்குள் வருவது 230 வோல்ட் அல்லது அதற்கு மேல். காற்றைவிடக் கனமான ஆர்கான், மூடிய தொட்டியில் தேங்கி மூச்சடைக்கச் செய்யும். வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். பொதுவாக 10ஆம் எண்ணோ அதற்கு மேலோ உள்ள கருங்கண்ணாடி தேவை. துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையை அகற்ற வைக்கும் மின்விசிறி காப்பு வாயுவைக் கலைக்கும் என்ற மறுப்பு உண்மையே. அதற்காகக் காற்றோட்டத்தை நிறுத்தலாகாது, புகை உறிஞ்சியை வில்லருகே அமைப்பதே தீர்வு.