ஃபிஷர் முகத்துவார அந்துப்பூச்சி

ஃபிஷர் முகத்துவார அந்துப்பூச்சி (கோர்டினா போரெலி லுனாட்டா) இலையுதிர் காலத்தில் பறக்கும் அரிய அந்துப்பூச்சி. ஜெர்மனி, பிரான்ஸ், ஹங்கேரி முதலிய ஐரோப்பிய நாடுகளில் அங்கங்கே சிதறி வாழ்கிறது. இங்கிலாந்தில் 1968இல்தான் எசெக்ஸ் கடலோரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கண்டறிந்த ஃபிஷரின் பெயரே அதற்கு அமைந்தது. முன்னிறகுகள் செம்பழுப்பாகவும் வெண்புள்ளிகளுடனும் இருக்கும்.

பிரிட்டனில் இதன் புழு தின்பது ஹாக்ஸ் ஃபெனல் என்ற ஒரே செடியைத்தான். சீரகம், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் பூப் பூக்கும் இந்தச் செடி அங்கு இரண்டே வட்டாரங்களில் இயற்கையாக வளர்கிறது: எசெக்ஸின் ஹாம்ஃபோர்டு வாட்டர், கென்ட்டின் வடகரை. பூச்சியும் இயற்கையாக இந்த வட்டாரங்களில் மட்டுமே உண்டு. ஹாம்ஃபோர்டு வாட்டரில் உள்ள ஸ்கிப்பர்ஸ் தீவும் விட்ஸ்டபிளை அடுத்த டாங்கர்டன் சரிவுகளும் முக்கிய வாழிடங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் பறக்கும் பெண் பூச்சி ஃபெனலில் முட்டையிடுவதில்லை. அருகில் உயர்ந்து நிற்கும் முரட்டுப் புல்லின் தண்டுக்கும் அதைச் சுற்றிய இலையுறைக்கும் நடுவே வரிசையாக முட்டைகளைச் செருகி வைக்கிறது. குளிர்காலம் முழுவதும் அவை அங்கேயே இருந்து, வசந்தத்தில் பொரிகின்றன. குட்டிப்புழு புல்லிலிருந்து இறங்கி, ஃபெனல் தண்டைத் துளைத்து உள்ளே போய், தின்றபடியே வேருக்குள் இறங்குகிறது. கோடையில் செடியின் அடியில் மரத்தூள் போல எச்சம் குவிந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அறியலாம். ஆய்வாளர்கள் கணக்கெடுப்பதும் இந்தக் குவியல்களைப் பார்த்துத்தான்.

ஆகவே ஃபெனலை மட்டும் காப்பாற்றினால் போதாது. இலையுதிர் காலத்தில் புல்லை ஒட்ட வெட்டினால் அந்த ஆண்டின் முட்டைகள் அத்தனையும் போய்விடும். அப்படியே விட்டாலோ முட்புதர் மண்டி ஃபெனலை நெருக்கிவிடும். எங்கே, எப்போது வெட்டுவது என்பதுதான் இதன் பாதுகாப்பில் மிகக் கடினமான பகுதி.

ஐரோப்பிய வாழிட ஆணையும் பிரிட்டன் சட்டமும் இந்தப் பூச்சிக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால், உயர்ந்துவரும் கடலைச் சட்டம் தடுக்காது. ஹாம்ஃபோர்டு வாட்டரின் தாழ்ந்த கரைகள் உவர்நீரில் மூழ்கும் ஆபத்தில் உள்ளன. இதனால் எசெக்ஸில் கடலைவிட்டுத் தள்ளி, மேடான நிலங்களில் ஃபெனல் நடப்பட்டு வருகிறது. கோல்செஸ்டர் விலங்குக் காட்சிசாலை இப்பூச்சியை வளர்த்து அந்தப் புதிய இடங்களில் விடும் பணியில் பங்கேற்றுள்ளது.