புத்தகத்தில் ஒரு ஜன்னல்



எங்கள் தெருப் பிள்ளைகள் செய்த குட்டிப் புத்தகங்களின் படத்தைப் போட்டிருந்தேன். நடுவில் ஜன்னல் வெட்டி, அடுத்த பக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி செய்தவை. பலர் பாராட்டினீர்கள். ஒரு உறவினர் மட்டும், "படிக்கிற பிள்ளைக்கு கத்திரிக்கோல் வேலை எதுக்கு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

புத்தகத்தில் ஓட்டை போடுவது நமக்குப் புதிது இல்லை. ஓலைச்சுவடியில் துளை இல்லாத ஏடு கிடையாது. ஒரு துளையில் கயிறு கோர்ப்பார்கள். இன்னொன்றில் ஏடுகள் நகராமலிருக்க நாராசம் என்ற கம்பியைச் செருகுவார்கள். எழுதும்போதே துளைக்கு இடம் விட்டு எழுதினார்கள். தைக்கிற நூலுக்கும் படிக்கிற நூலுக்கும் நம் மொழியில் ஒரே சொல் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

காகிதம் நம் பக்கம் எளிதாகக் கிடைத்த பொருளாக இருந்ததில்லை. 1713-ல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரிய எழுத்துகள். அவற்றால் அடித்தால் காகிதம் கட்டுபடியாகாது. அதனால் சீகன்பால்குவின் குழுவினர் பக்கத்துப் பொறையாரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சானது. எழுத்து வார்த்தவர், காகிதம் மடித்தவர், தைத்தவர் என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது. அட்டையில் அவர்கள் பெயர் இருக்காது.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். 1908-ல் பீட்டர் நியூவெல் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு குழந்தைப் புத்தகம் போட்டார். அதில் ஒரு துப்பாக்கிக் குண்டு புத்தகத்தைத் துளைத்துக்கொண்டே போகும். பக்கத்துக்குப் பக்கம் நிஜமான ஓட்டை இருக்கும். 1969-ல் எரிக் கார்ல் ஒரு கம்பளிப்புழு தின்ற ஓட்டைகளோடு புத்தகம் செய்தார். காகிதத்தில் பஞ்ச் அடித்து விளையாடிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனையாம். அதை அச்சடித்து வெட்டித் தர அமெரிக்காவில் சரியான ஆள் கிடைக்காமல், முதல் பதிப்பை ஜப்பானில் செய்தார்கள்.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1994-ல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த காகிதத்தில், கையாலேயே திரைஅச்சு போட்டு ஒரு சிங்கக் கதையை உருவாக்கியது. பஞ்சுத் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்கிற காகிதம் அது. மாதிரிப் பிரதியை பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, ஒரு கனடா பதிப்பகம் 8,000 பிரதி கேட்டுவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை என்று, அத்தனையும் கையால் இழுத்து அச்சடித்தார்கள். அந்த வேலையில் வளர்ந்ததுதான் அவர்களுடைய பட்டறை. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் ராம்சிங் உர்வேதியின் படங்களோடு அவர்கள் போட்ட மயில் புத்தகத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அதிலிருப்பது 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாட்டு. வரியை ஒரு இடத்தில் நிறுத்தினால் ஒரு பொருள், தள்ளி நிறுத்தினால் வேறு பொருள். வெட்டிய ஜன்னல்கள்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுகின்றன. ஜன்னலை மூடினால் பாட்டே புரியாது.

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் பிரஸ் ஷாப்பில் நின்றவர்கள் உங்களில் பலர். தகட்டில் பஞ்சும் டையும் செய்கிற வேலைதான் இதுவும். அச்சகத்தில் பலகையில் எஃகு பிளேடை வளைத்துப் பதித்து, அழுத்தி வெட்டுகிறார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பூ வேலைப்பாடும் அப்படி வந்ததுதான்.

சரி, உறவினரின் கேள்வி. அதற்குள் ஒரு பழைய காயம் இருப்பது எனக்குத் தெரியும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வந்த திட்டத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி வேளைதான். மீதி வேளை அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரிதான். அது நீடித்திருந்தால் நம்மில் பலர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் கைவேலை அல்ல. யார் எந்த வேலை செய்வது என்று பிறப்பை வைத்து முடிவு செய்ததுதான் குற்றம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்து, ஒரே ஸ்கேலால் அளந்து, தான் எழுதிய கதைக்குத் தானே ஜன்னல் வெட்டுவது அதற்கு நேர் எதிரானது. கைவேலையை இழிவு என்று நாமே நம்பினால், நம்மைப் பெற்றவர்களின் கைகளையும் சேர்த்துத்தான் இழிவு செய்கிறோம்.

செய்முறை கேட்டவர்களுக்கு: நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். 16 பக்கம் கிடைக்கும். இரண்டாவது தாளை வெளியே எடுத்து, அதன் முன்பாதியில் மட்டும் ஒரு வட்டம் வெட்டுங்கள். அது 3, 4-ஆம் பக்கங்கள். பிளேடு வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். திரும்பச் செருகியதும் வட்டத்தின் வழியே பென்சிலால் 2, 5-ஆம் பக்கங்களில் குறித்துக்கொள்ளுங்கள்.

சூட்சுமம் இங்கேதான். 3-ஆம் பக்கத்தில் கடலும் படகும் வரைந்தால், ஓட்டையில் தெரிகிற மஞ்சள் சூரியன். தாளைத் திருப்பினால் 5-ஆம் பக்கத்தில் அது சாமந்திப்பூ. அதே ஓட்டை இப்போது 4-ஆம் பக்கத்து மீனுக்குக் கண். கண்ணின் கறுப்பு, பின்னால் 2-ஆம் பக்கத்தில் இருக்கிற குடையின் ஒரு துண்டு. ஒரு ஓட்டை, நான்கு படம். இதை யோசிக்கிற பிள்ளைக்கு மூளை வேலை செய்யவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

தைக்க மடிப்பில் மூன்று துளை போதும். உள்ளிருந்து நடுத்துளையில் ஊசியை வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு கீழ்த்துளையில் வெளியே போய், நடுத்துளையில் மறுபடி உள்ளே வந்து முடிச்சுப் போடுங்கள்.

அட்டையில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதியது, வரைந்தது, வெட்டியது, தைத்தது என்று நான்கு இடத்திலும் எழுதட்டும்.