ஹேவ்லாக்கிலிருந்து தலைநகருக்கு

நம் ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவாயிற்று. தலைநகராகிய போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரமாயிற்று. பெயர்கள் மாறினும் அவை உணர்த்திய வரலாறு மறைந்துவிடலாகாது.

ஹென்றி ஹேவ்லாக் 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒடுக்கக் கான்பூரிலும் லக்னோவிலும் படை நடத்திய ஆங்கிலத் தளபதி ஆவார். அவ்வாண்டு நவம்பரில் அவர் இறந்தார். அடுத்த மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், மருத்துவர் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். ஒடுக்கியவர் பெயரை நம் தீவு தாங்கியது; ஒடுக்கப்பட்டோரோ காடு வெட்டித் தலைநகருக்கு அடிகோலினர்.

ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலினின்று இறங்கி நகர்ச் சாலையில் செல்வோர் முதலிற் காணத்தக்கது செல்லுலார் சிறையாகும். 1896-இல் தொடங்கிய கட்டடப் பணி 1906-இல் நிறைவுற்றது. ஒரு கைதி மற்றொருவர் முகம் காணாதவாறு, ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் பின்புறத்தையே நோக்கி அமைந்தன. ஏழு சிறகுகளுள் இன்று எஞ்சியவை மூன்றே. 1979-இல் இது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

எதிரே கடலில் தோன்றுவது, 2018 வரை ராஸ் எனப் பெயர் பெற்றிருந்த தீவு. ஆட்சியாளர் மாளிகையும் தேவாலயமும் விளங்கிய அத்தலைமையிடம் 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தது. இன்று அதன் சுவர்களை ஆலம் வேர்கள் பற்றி நிற்கின்றன.

மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் தலைநகர் செல்லும் நாம், பிழைக்க வந்த மண்ணை நம் மக்கள் அறியுமாறு, அரை நாளேனும் ஒதுக்கி இவற்றைக் காட்டுவோமாக! கடைத்தெருவோடு திரும்பும் பயணம் நிறைவுடையதாகாது.