ஒலிபெருக்கியை விலக்கிய மிருதங்கம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் புகைவண்டி மீனாட்சிபுரத்தை அடையும்போது மாநிலம் மாறிவிடுகிறது; மொழி மாறுவதில்லை. 1932ஆம் ஆண்டில் இவ்விருப்புப்பாதை திறக்கப்பட்ட நாளில், இப்பகுதி அமைந்த சிற்றூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியதாயிருந்தது. 1956 நவம்பர் முதல் நாளிலிருந்து அது கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டபோதிலும், அங்குள்ள கடைத்தெருவிலும் வயல்வெளியிலும் தமிழ் இன்றும் வழங்கி வருகிறது.

இங்கிருந்து மேற்கே சென்றால், பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தோர் அமைத்த அக்கிரகாரங்களைக் காணலாம். கல்பாத்தி அவற்றுள் பெயர் பெற்றது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் இன்று எய்தியிருக்கும் நிலையை, இம்மக்கள் முன்பே எய்திவிட்டனர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் எதைக் கைவிடுவது, எதைக் காப்பது என்ற வினாவுக்கு அவர்கள் அளித்த விடைகளுள் ஒன்று இசை. அம்மண் அளித்த பெருங்கலைஞர் ஒருவர், புகழின் உச்சியில் இருந்தபோது இசையரங்கின் பழைய முறைக்குத் திரும்ப முனைந்தார். அவ்வரலாற்றையே இங்கு நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

ஒலிபெருக்கி தோன்றுவதற்கு முன் இசையரங்கு எவ்வாறு நடந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடுவோர் தம் குரலின் வலிமையாலேயே கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரை எட்ட வேண்டியிருந்தது. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் பாடிப் பெரும்புகழ் எய்தினார். பாலக்காட்டை அடுத்த செம்பை என்னும் சிற்றூரில் 1896இல் பிறந்த வைத்தியநாத பாகவதரின் குரல் வெண்கலத்தைப் போன்றது என்று கேட்டோர் வியந்தனர். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசித்த மைசூர் சௌடையா, தம் கருவியின் ஒலி தொலைவில் இருப்போர்க்குக் கேட்கவில்லை என்பதை உணர்ந்து, நான்கு தந்திகளுக்குப் பதிலாக ஏழு தந்திகள் பூட்டிய வயலினை உருவாக்கினார். ஒலியைப் பெருக்கும் பொறுப்பு அக்காலத்தில் கலைஞனிடமே இருந்தது.

இவ்விருவரோடு மூன்றாமவராக மிருதங்கத்துடன் அமர்ந்தவர் பாலக்காடு மணி ஐயர். 1912இல் பழயன்னூரில் பிறந்த அவர், சாத்தபுரம் சுப்பையரிடம் பயின்று, பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் தம் கலையை முதிர்வித்துக்கொண்டார். சிறுவராயிருந்தபோதே செம்பை அவரைத் தம் கச்சேரிகளில் வாசிக்கச் செய்தார். செண்டையும் பஞ்சவாத்தியமும் திறந்த வெளியில், எக்கருவியின் துணையுமின்றி முழங்குவதைக் கேட்டு வளரும் வாய்ப்பும் பாலக்காட்டுச் சிறுவர்களுக்கு உண்டு.

மிருதங்கம் எளிய கருவியன்று. பலாமரத்தைக் குடைந்து செய்த உடலின் வலப்புறத்தில் கருஞ்சாதம் படிந்த தோல். இடப்புறத்தில் தொப்பி என வழங்கும் தோல். கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவில் ரவைப் பசையை அளவறிந்து இட்டால்தான் ஆழ்ந்த நாதம் பிறக்கும். தஞ்சாவூரில் மிருதங்கம் செய்து வந்த பர்லாந்து என்பவரின் கைத்திறனும் மணி ஐயரின் செவித்திறனும் சேர்ந்து அந்நாதத்தைத் தேடின. வாசித்தவரின் பெயரை அறிந்த நாடு, தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டியவரின் பெயரை நெடுங்காலம் அறியவில்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய நூலே மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைப் பலருக்கும் அறிவித்தது.

1930களில் சென்னையின் இசையரங்குகளில் ஒலிபெருக்கி புகத் தொடங்கியது. அதனால் விளைந்த நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. மெல்லிய குரலுடையோரும் மேடையேற முடிந்தது. தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடும் வழி பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே பந்தலில் அமர்ந்து கேட்க இயன்றது. பம்பாயில் 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்த மண்டபத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஒலிபெருக்கி இல்லையேல் அத்தகைய மண்டபத்தை எண்ணிப் பார்ப்பதும் அரிது.

ஆயினும் இழப்பும் உண்டு. கருவியின் துணையற்ற அரங்கில் பாடகர் குரலைத் தாழ்த்தினால், மிருதங்கம் வாசிப்பவரும் தம் கையைத் தாழ்த்தியாக வேண்டும். இல்லையேல் பாட்டு மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவரைக் கூர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தனர். ஒலிபெருக்கி வந்தபின் அவரவர்க்குத் தனித்தனி ஒலிவாங்கி வைக்கப்பட்டது. யார் ஓங்க வேண்டும், யார் ஒடுங்க வேண்டும் என்பதை மேடைக்குப் புறத்தே இருக்கும் இயந்திரம் முடிவு செய்தது. தொப்பியின் ஆழ்ந்த நாதம் வெறும் அதிர்வாயிற்று.

இதனை உணர்ந்தே மணி ஐயர் ஒலிபெருக்கியற்ற கச்சேரிகளை வற்புறுத்தினார். அவர் அப்போது எவ்வகையிலும் வாய்ப்பற்றவர் அல்லர். 1965இல் கே. வி. நாராயணசுவாமி, லால்குடி ஜயராமன் ஆகியோருடன் எடின்பரோ விழாவில் வாசித்தவர். 1966இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். மிருதங்கக் கலைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. பெரிய மண்டபங்களும் திருமணப் பந்தல்களும் அவர் கொள்கையை ஏற்பது அரிது என்பதையும் அவர் அறியாதவரல்லர். அறிந்தே அவ்வழியைத் தேர்ந்தார் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

முதிர்ந்த கலைஞர்கள் தம் இசையின் வேரைத் தேடித் திரும்புவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவு 1962இல் விடுதலை பெற்றது. அக்காலத்தில் அங்கே ஸ்கா என்னும் துள்ளலிசை ஓங்கியிருந்தது. தீவின் நாட்டுப்புற மென்டோ இசையும், அமெரிக்க வானொலி நிலையங்களிலிருந்து கடல் கடந்து வந்த இசையும் கலந்து பிறந்தது அது. 1964இல் அமைந்த ஸ்கட்டலைட்ஸ் என்னும் குழு அவ்விசையின் முன்னோடியாக விளங்கி, மறு ஆண்டே கலைந்தது. பிறகு ராக்ஸ்டெடி, ரெகே எனப் புதிய பாணிகள் வந்தன. ஆயினும் 1983இல் அக்குழுவின் மூத்த கலைஞர்கள் மீண்டும் ஒன்றுகூடித் தம் பழைய ஸ்காவையே வாசித்தனர். பின்னர் உலகெங்கும் சென்று வாசித்தனர். ஜமைக்காவின் இசைக்கும் பாலக்காட்டின் இசைக்கும் உறவு எதுவுமில்லை. எனினும், சிலர் ஒருங்கே அமர்ந்து ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதிலேயே இசை உயிர் பெறுகிறது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வானொலியே ஒலிவாங்கியின் குழந்தை அல்லவா? 1952இல் தொடங்கிய இசையின் தேசிய நிகழ்ச்சியை, தில்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த தமிழர்கள் வேறெவ்வாறு கேட்டிருக்க இயலும்? 1981இல் மணி ஐயர் மறைந்த பின், அவர் நாதம் நம்மிடம் எஞ்சியிருப்பதும் ஒலிப்பதிவுகளினால் அல்லவா? உண்மையே. தொலைவில் இருப்பவனுக்கு ஒலியைக் கொண்டு சேர்ப்பது ஒரு பணி. எதிரே அமர்ந்திருப்பவனின் செவியை ஒலியால் நிறைத்துவிடுவது வேறு பணி. முன்னதற்கு நாம் என்றும் நன்றி பாராட்டுவோம். பின்னது தேவைதானா என்பதே அப்பெரியவர் எழுப்பிய வினா.

அவ்வினா வெளிமாநிலத் தமிழர்க்குப் பெரிதும் பொருந்தும். மணி ஐயரின் புகழ்பெற்ற மாணவரான பாலக்காடு ரகு ரங்கூனில் பிறந்தவர். ஊரை விட்டு வெகுதொலைவில் பிறந்தவரும், ஆசிரியர் எதிரே அமர்ந்து கேட்டதனால், அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கும் தகுதி பெற்றார். நம் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குப் பெரிய மண்டபத்தையும் உரத்த ஒலிபெருக்கியையும் நாடுவது இயல்பே. ஆயினும் ஆண்டில் ஒருமுறையேனும் ஒரு வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் அமர்ந்து, ஒரு பாடகரையும் ஒரு வயலினையும் ஒரு மிருதங்கத்தையும் இயந்திரத்தின் இடையீடின்றிக் கேட்கலாம். நம் குழந்தைகள் தொப்பியின் உண்மையான நாதத்தை அங்கே முதன்முறையாக அறிந்துகொள்வார்கள்.