சிவப்பணுவைப் பெருக்கும் மருந்து

புற்றுநோய்க்குத் தரும் மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவன. எலும்பு மஜ்ஜையில் ஓயாது பிறக்கும் சிவப்பணுக்களும் அத்தாக்குதலுக்கு ஆளாவதால், நோயாளிக்கு இரத்தசோகை உண்டாகிறது. அதனை வெல்ல எழுந்த முயற்சியொன்றின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

சிவப்பணுக்களின் பிறப்பைத் தூண்டும் பொருளொன்று குருதியில் உண்டென்று 1906-இல் பாரிஸ் நகரில் பால் கார்னோ, டெஃப்லாந்தர் என்னும் இருவர் கூறினர். அதனைத் தூய நிலையில் காண 70 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜப்பானில் சோகை நோயாளிகளிடம் திரட்டிய 2,550 லிட்டர் சிறுநீரை வற்றச்செய்து, மியாகே என்னும் அறிஞர் சிக்காகோவுக்குக் கொணர்ந்தார். அதிலிருந்து யூஜீன் கோல்ட்வாசர் குழுவினர் அப்பொருளைப் பிரித்து, 1977-இல் உலகுக்கு அறிவித்தனர். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் அது. பின்னர் ஆய்வகத்தில் ஆக்கப்பட்ட அம்மருந்தை, புற்றுநோய் மருந்தால் வரும் சோகைக்கும் வழங்க 1993-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைந்தது. பலருக்குக் குருதி ஏற்றும் தேவை குறைந்தது.

ஆயினும், ஹீமோகுளோபின் உயர உயர நலமும் உயரும் என்னும் எண்ணம் பொய்த்தது. அதனை மிகுதியாக உயர்த்த முயன்ற சில ஆய்வுகளில் இரத்தக்கட்டும் மரணமும் மிகுந்தன. 2007-இல் அதே நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. இன்று, நோயை முற்றும் குணமாக்கும் நோக்குடன் சிகிச்சை பெறுவோருக்கு அம்மருந்தைத் தவிர்க்கின்றனர். ஏனையோருக்கும், 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே, குருதி ஏற்றுவதைத் தவிர்க்கப் போதுமான அளவே தருகின்றனர். இரும்புக் குறைவு முதலிய பிற காரணங்களையும் முதலில் ஆராய்கின்றனர்.

சோதனைத் தாளில் எண் உயர்வது வேறு, நோயாளி நலம் பெறுவது வேறு. மருத்துவம் பயில விரும்பும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை என்றும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.