போறணை இல்லாமல் இஞ்சி பிஸ்கற்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எங்களுக்குக் கடைப் பிஸ்கற் அரிது. அம்மா மணல் சட்டியில் சுட்டுத் தருவார். 2022இல் விலைகள் எகிறியபோது நானும் அதைச் செய்து பார்த்தேன்.

100 கிராம் மாஜரினையும் 100 கிராம் சீனியையும் அடித்து, 250 கிராம் கோதுமை மா, 2 தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூள், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா சேருங்கள். 3 மேசைக்கரண்டி பனம்பாணி விட்டுக் குழையுங்கள். கடைப் பிஸ்கற்றின் நிறமும் முறுகலும் பாணியால்தான் வரும், தண்ணீர் விட்டால் ரொட்டிதான் (அனுபவம்!).

அடிகனத்த சட்டியில் காய்ந்த மணல் பரப்பி, மூடி, கால் மணி நேரம் சூடாக்குங்கள். மெல்லிதாகத் தட்டியவற்றைத் தட்டில் அடுக்கி மணல்மேல் வையுங்கள். மூடியின்மேல் சிரட்டைத் தணல் போட்டால்தான் மேற்பக்கமும் சிவக்கும். 15 நிமிடத்தில் திறந்து பாருங்கள். சுடச்சுட மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையென்று திரும்ப வைத்துக் கருக்கிவிடாதீர்கள். ஆறியபின்தான் முறுகும்.