காரைக்குடியில் வாங்கிய கட்டிலும் நான் விற்ற பெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என் தங்கை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறான். பெரிய கம்பெனி இல்லை, ஜாப் ஒர்க்தான். உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலைக்குப் போகும் வழியில் எங்கள் அப்பா காலத்துத் தொட்டிக்கட்டு வீடு ஒன்று இருக்கிறது. பாகப் பிரிவினையில் தங்கைக்கு வந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்ததை மருமகன் சரிசெய்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று ஆரம்பித்தான். ஓடு மாற்றினான். குளியலறை கட்டினான். கட்டில், மேசை, நாற்காலி என்று வந்தபோதுதான் யோசித்தான்.

"புதுசா வாங்கிப் போட்டா லாட்ஜ் மாதிரி ஆயிருமுங்க மாமா. இந்த ஊட்டுக்குப் பழைய சாமான்தான் சேரும். காரைக்குடிக்கு ஒரு நடை போய்ட்டு வந்தர்லாம், நீங்களும் வாங்க" என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் பாடம் நடத்தியவன் நான். பழைய பொருள் என்றால் எனக்கும் ஆசைதான். பழனி, திண்டுக்கல், நத்தம் வழியாகக் கிளம்பினோம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று. பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போனது. உள்ளே போனால் நடக்க இடமில்லை. தேக்குத் தூண், நிலைக்கதவு, கொசுவலைக் கம்பு வைத்த கட்டில், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, பேர் வெட்டிய பித்தளை அண்டா. மருமகன் விலை கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு அண்டாவில் வெட்டியிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள் அதில் இருந்தன. அவர் வீடு எது, பேரப்பிள்ளைகள் எங்கே என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

ஒரு தெரு நிறைய இத்தனை வீட்டுச் சாமான் எப்படி வந்தது? இதற்கு விடை தேட நாம் பர்மாவுக்குப் போக வேண்டும்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றுக் கழிமுகத்துக் காடுகள் நெல் வயல்களாயின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி நெல் போட விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனுக்குக் கடன் தரவில்லை. நம் நகரத்தார் தந்தார்கள். 1930ஐ ஒட்டி பர்மா வங்கித் தொழில் விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அங்கே நகரத்தார் கடைகள் 1,600க்கு மேல் இருந்தன. அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

அந்தக் கடைகளில் நாற்காலி கிடையாது. தரையில் சம்மணமிட்டு, சாய்வான மூடி போட்ட ஒரு மரப்பெட்டியின் முன் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். எடுபிடி வேலைக்குச் சேரும் சிறுவனுக்கு 'பெட்டியடிப் பையன்' என்றே பெயர். அப்படிப்பட்ட பெட்டி ஒன்று கடையில் இருந்தது. இப்போது அதை லேப்டாப் வைக்க வாங்கிப் போகிறார்களாம்.

பணத்தோடு மரமும் வந்தது. பர்மாத் தேக்கு சாதாரண மரமில்லை. அதற்காக ஒரு போரே நடந்திருக்கிறது. 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தேக்கு வெட்டியதில் கணக்குக் காட்டாமல் ஏமாற்றியது என்று பர்மா மன்னர் தீபாவின் அரசு பெரிய அபராதம் விதித்தது. அதைக் காரணமாக வைத்தே 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்து மன்னரை இரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். பிறகு அந்தத் தேக்கு தடையில்லாமல் கப்பலேறியது. செட்டிநாட்டு முகப்புத் தூண்களைத் தட்டிப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வளைந்த முதுகு வைத்த, பிரம்பு பின்னிய நாற்காலிகள் இருந்தன. பழைய காபி கிளப்புகளில் பார்த்திருப்பீர்கள். இது வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த வடிவம். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஒரு நாற்காலிக்கு ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். உலகம் முழுவதும் அது பரவிய ரகசியம் இதுதான்.

பிறகு சரிவு வந்தது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். மண்ணை இழந்தவனுக்குக் கோபம் வராதா? அதையும் நாம் மறைக்கக் கூடாது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அதன்பின் மிச்சமிருந்ததும் போயிற்று.

வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. ஒவ்வொரு மணமான மகனுக்கும் ஓர் அறை என்று கட்டிய வீட்டுக்கு, மூன்று தலைமுறையில் பல பங்காளிகள். சுண்ணாம்பு பூசக்கூட எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துவராத இடத்தில் வீட்டைப் பிரித்தார்கள். தூணும் கதவும் கட்டிலும் தெருவுக்கு வந்தன.

எல்லா வீடும் அப்படிப் போகவில்லை. காரைக்குடியில் 'பங்களா' 1999இல் தங்கும் விடுதியானது. கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று பல வீடுகள் விருந்தினரால் பிழைத்திருக்கின்றன. 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தேக்கென்று சொல்வதைத் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். இழுப்பறையை வெளியே எடுத்து மூலைகளைப் பாருங்கள். பழைய வேலையில் மரத்துக்குள் மரம் கோத்திருக்கும். துளைக்குக் கீழே மாவு போலத் தூள் விழுந்தால் உளுப்பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கட்டிலை அளந்து வாங்குங்கள். கடை மெத்தை சேராது, இலவம்பஞ்சு மெத்தை தைக்கக் கொடுக்க வேண்டிவரும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தடை இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

இனி என் கதை.

இரண்டு கட்டில், நான்கு நாற்காலி, ஒரு மர பீரோ பேசி முடித்தோம். கிளம்பும்போது கடைக்காரர் மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டியைக் காட்டினார். பித்தளைப் பட்டை அடித்தது. "இது உங்க பக்கத்துச் சாமான் சார். தாராபுரம் பக்கம் ஒரு வீடு இடிச்சப்ப வந்துச்சு."

மருமகன் என்னைப் பார்த்தான். "அம்முச்சி பொட்டியாட்டவே இருக்குதுங்களே மாமா."

அப்படியேதான் இருந்தது. அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர்ப்பெட்டி. மூடியின் உட்பக்கம் அப்பா கரிக்கட்டியால் ஆட்டுக் கணக்கு எழுதி வைத்திருப்பார். 1994இல், அம்மா இறந்த மறுவருடம், மக்காச்சோள மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று அதைப் பழைய மர வியாபாரிக்குப் போட்டோம். தங்கை தயங்கினாள். "உளுத்துப்போனது, எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு" என்று சொன்னது நான்தான். அந்த வாரம்கூட எட்டாம் வகுப்பில் வரலாற்றுச் சான்றுகள் என்று கல்வெட்டையும் நாணயத்தையும் நடத்தியிருப்பேன். அப்பா கையெழுத்து இருந்த ஒரே பொருள் அது என்று எனக்குத் தோன்றவில்லை.

காரைக்குடிக்காரர்கள் விற்றதற்குப் போர், சட்டம், பங்காளி என்று காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? நாலு மூட்டை சோளம்.

அந்தப் பெட்டியை என் பென்ஷன் பணத்தில் வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், விடுங்கள். வீட்டில் அம்மாவின் பெட்டி இருந்த அதே இடத்தில் வைத்தோம். வழக்கம்போல மூடியைத் திறந்து உட்பக்கம் பார்த்தேன். வெறும் மரம்.

இப்போது அந்த வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சாமான் எந்த ஊரிலிருந்து வந்தது, தெரிந்தவரை என் கையால் எழுதியிருக்கிறேன். தங்க வருகிறவர்கள் படிக்கட்டும். பெட்டிக்கு நேரே, "தாராபுரம் பக்கத்து ஒரு வீட்டுப் பெட்டி. எங்கள் அம்மாவுடையது அல்ல. அதை நாங்கள் விற்றுவிட்டோம்" என்று எழுதினேன். "இதெல்லாம் எதுக்குங்க மாமா" என்றான் மருமகன். "இருக்கட்டும் சாமி" என்றேன்.

நண்பர்களே, வீட்டில் பழைய சாமான் இருந்தால் விற்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். இடமும் பணமும் எல்லாருக்கும் தேவைதான். விற்பதற்கு முன் திறந்து உள்ளே பாருங்கள். ஒரு போட்டோ எடுங்கள். யாருடையது, எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் போன பொருள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.